ஒன்றரை மைல்

ஸ்கெல்டர்பி ரயில் நிலையம்
ஸ்கெல்டர்பியில் இல்லை.
முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும்.

ஊருக்கும் அதற்கும் நடுவே ஒன்றரை மைல்.
இரண்டு வாய்க்கால், ஒரு பீட்ரூட் வயல்,
எந்தப் பக்கம் நடந்தாலும் எதிர்க்காற்று.

முதல் வரைபடத்தில் தண்டவாளம்
தேவாலயத்தை உரசிக்கொண்டுதான் வந்தது.
சர் லூசியன் வேவில் அதன்மேல்
தன் கையுறையைக் கழற்றி வைத்தார்.
வேட்டைக் குதிரைகள் மிரளும் என்றார்.
பொறியாளர் கையுறையை நகர்த்தவில்லை.
பென்சிலால் அதைச் சுற்றி வந்தார்.
(கோப்பில் இது கிடையாது. ஊரார் சொன்னது.
ஆனால் அந்த வளைவைப் பாருங்கள்,
கட்டைவிரல் இருந்த இடத்தில் சற்றே புடைத்திருக்கும்.)

ஆகவே நடந்தார்கள்.
லிங்கன் சந்தையில்
முழங்கால் சேற்றை வைத்தே
ஸ்கெல்டர்பிக்காரரைக் கண்டுபிடித்தார்கள்.
கல்யாணப் பெண் ஒருத்தி
காலணியைக் கையில் தூக்கிக்கொண்டு
வெள்ளை உடுப்பில் வயலோரமாய் வந்தாள்.
பதினான்காம் ஆண்டு ஆகஸ்டில்
பதினோரு பையன்கள் பாடிக்கொண்டு போனார்கள்.
தெரிந்த பாட்டு ஒன்றே ஒன்று,
ஒன்றரை மைலுக்கு அது போதவில்லை,
இரண்டு தடவை பாட வேண்டியிருந்தது.
திரும்பியது நான்கு பேர்.
அதில் ஒருவன் ஊருக்குப் பால்வண்டியில் போனான்.

அடுத்த போரில் பெயர்ப்பலகையைக் கழற்றினார்கள்,
பாராசூட்டில் எதிரி இறங்கினால்
இடம் தெரியக் கூடாதாம்.
இருட்டில் இறங்கிய போலந்து விமானி கேட்டான்:
இது எந்த ஊர்?
போர்ட்டர் வில்ஃப் செவெல் யோசித்தார்.
சொல்லவும் கூடாது, பொய்யும் வராது.
"இது ஊரே இல்லை, ஐயா" என்றார்.

அறுபத்து மூன்று ஏப்ரலில்
மழைக்கோட்டும் எழுதுபலகையுமாய் ஓர் ஆள் வந்து
ஒரு வாரம் நடைமேடையில் நின்று பயணிகளை எண்ணினான்.
வினிஃப்ரெட் பர்ஸ்லோ
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்கு
ஏழு பன்னிரண்டு வண்டியில்
வாரம் ஆறு நாள், பத்தொன்பது வருடமாய்ப் போகிறவள்.
அந்த வாரம் அவளுக்குப் பொன்னுக்குவீங்கி.
கழுத்தில் கம்பளி சுற்றிப் படுத்திருந்தாள்.
ஏழு பன்னிரண்டுக்கு நேரே
ஆறு பூஜ்யம் விழுந்தது.

கடைசி நாள், அடுத்த வருடம் அக்டோபர், சனிக்கிழமை.
முந்நூறு பேர் வந்தார்கள். காரில் வந்தார்கள்.
கேமரா, பித்தளை வாத்தியம், ஒரு மலர்வளையம்.
அந்த நிலையம் தன் ஆயுளில் முதல் தடவையாக
நெரிசலைப் பார்த்தது.
வினிஃப்ரெட்டுக்கு அன்று இரவு வேலை.
கதவருகே நின்ற ஒரு கனவான்
"மன்னிக்கவும், நாங்கள் விடைகொடுக்க வந்திருக்கிறோம்" என்றார்.
மாதச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு
பின்விளக்கு கையுறையைச் சுற்றிப் போவதைப் பார்த்தாள்.

வில்ஃப் பார்சல் அறையைத் திறந்து
மிதிவண்டியை உருட்டிக்கொண்டு வந்தார்.
நிலையத்தின் சொத்துப் பட்டியலில்
இன்றுவரை ஒரு மிதிவண்டி குறைகிறது.

பிறகு தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள்.
பயணச்சீட்டு அறையில் கோழி வளர்ந்தது,
அப்புறம் உருளைக்கிழங்கு மூட்டை,
அப்புறம் வெறும் புறா.
வேவில் மாளிகை நிலம் துண்டு துண்டாய் விலைபோனது.
வீடுகள் கிளம்பின.
முதல் வாய்க்காலைத் தாண்டின, இரண்டாவதைத் தாண்டின,
பீட்ரூட் வயலில் சிக்னல் தெரு என்று பெயர்ப்பலகை முளைத்தது.
கடைசி வீட்டின் சமையலறைச் சுவர்
நடைமேடையின் மேல் ஏறி நின்றபோது
ஆண்டு இரண்டாயிரத்து ஒன்பது.
ஸ்கெல்டர்பி ஒருவழியாய்
ரயில் நிலையத்துக்கு வந்து சேர்ந்தது.

இப்போது காலை வேளையில்
அந்த ஒன்றரை மைலும் கார்கள் மூச்சிரைத்து நிற்கின்றன.
மனு எழுதினார்கள்: ரயில் வேண்டும்.
கணக்கெடுக்க ஆள் வருவான் என்று பதில் வந்தது.

மனுவில் மூன்றாவது கையெழுத்து,
எண்பத்து மூன்று வயது, சற்றுக் கோணல்.
எத்தனை முறை பயணிப்பீர்கள்? ஆறு நாளும்.
வேறு ஏதேனும் சொல்ல விரும்புகிறீர்களா
என்ற கட்டத்துக்குள்:

எந்த வாரம் எண்ணப் போகிறீர்கள் என்று
முன்கூட்டியே சொல்லுங்கள்.